பழைய துன்பியல் நாடகத்தை இன்றைய திரைக்கதையாக மாற்றுவது எப்படி?

ஷேக்ஸ்பியரையோ பழங்கால கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளீஸையோ இன்றைய ஊரில், இன்றைய உடையில் படமாக்க நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செய்வது பெரும்பாலும் மாற்றுப் பட்டியல் போடும் வேலைதான். அரசனுக்குப் பதில் தாதா, அரண்மனைக்குப் பதில் பங்களா, வாளுக்குப் பதில் துப்பாக்கி என்று பட்டியல் ஒரே நாளில் முடிந்துவிடும். பத்தாவது காட்சியில் கதையும் நின்றுவிடும். அதற்குள் பார்வையாளர் மிக எளிய கேள்விகளைக் கேட்கத் தொடங்கியிருப்பார். இவன் ஏன் போலீசுக்குப் போகவில்லை? இவள் ஏன் ஒரு போன் செய்யவில்லை? இருவரும் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளக் கூடாதா? பழைய நாடகத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லாதபடி தெய்வமும் அரசும் குலமும் எல்லா வழிகளையும் அடைத்து வைத்திருந்தன. இன்றைய உலகில் வழிகள் திறந்து கிடக்கின்றன. ஆகவே தழுவல் எழுதுபவரின் தலையாய வேலை, பழைய அடைப்பு ஒவ்வொன்றுக்கும் அதே வலுவுள்ள இன்றைய அடைப்பைக் கண்டுபிடிப்பது. அந்த வேலையை எப்படித் தொடங்கி எப்படிக் கொண்டுபோவது என்பதை, அதைச் சரியாகச் செய்த சில படங்களையும் பாதியில் விட்ட ஒன்றிரண்டையும் வைத்து இங்கே பார்க்கலாம்.

எந்த நாடகம், எந்தப் பிரதி

'ஹாம்லெட்' ஏறத்தாழ 4,000 வரிகள் கொண்டது. 'மேக்பெத்' சுமார் 2,100 வரிகள்தான். ஹாம்லெட்டின் முழுப் பிரதியையும் குறைக்காமல் எடுத்த கென்னத் பிரானாவின் 1996ஆம் ஆண்டுப் படம் நான்கு மணி நேரம் ஓடுகிறது. மேக்பெத்தில் ஓர் ஆசை, ஒரு கொலை, அந்தக் கொலையை மறைக்க மேலும் கொலைகள் என்று கதை ஒரே சரிவில் இறங்குவதால், முதன்முறை முயல்பவருக்கு அதுவே ஏற்றது. 'லியர் அரசன்' அப்படியல்ல. அதில் இரண்டு குடும்பங்களின் கதை இணையாக ஓடுகிறது. இரண்டரை மணி நேரப் படத்துக்காக ஒன்றை வெட்டினால் மற்றது மெலிந்துவிடும். அனுபவம் வந்த பிறகு அதைத் தொடுவது நல்லது.

உரிமை விஷயத்தைத் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி ஓர் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவரது படைப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு. ஷேக்ஸ்பியரையும் கிரேக்கர்களையும் 1906இல் இறந்த இப்சனையும் யாரும் எடுத்தாளலாம். 2005இல் இறந்த ஆர்தர் மில்லரை அனுமதியின்றித் தொட முடியாது. பலர் தடுக்கி விழுவது மொழிபெயர்ப்பில். சோபக்ளீஸுக்கு உரிமையாளர் கிடையாது, ஆனால் நீங்கள் படித்த மொழிபெயர்ப்பாளர் அண்மைக் காலத்தவராக இருந்தால் அவருடைய சொற்கள் அவருக்குரியவை. இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் மூடி வைத்து, கதையை உங்கள் சொற்களில் நான்கு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த நான்கு பக்கத்திலிருந்து மட்டுமே வேலை செய்யுங்கள்.

அடைபட்ட வழிகளைக் கணக்கெடுப்பது

இப்போது ஒரு தாளை எடுத்து, ஒவ்வோர் அங்கத்திலும் நாயகனோ நாயகியோ தப்பித்துப் போக எந்த எந்த வழிகள் இருந்தன, ஒவ்வொன்றையும் யார் அல்லது எது அடைத்தது என்று எழுதுங்கள். கதைமாந்தர் பெயர்களை இன்னும் மாற்ற வேண்டாம். ஊரையும் முடிவு செய்ய வேண்டாம். அடைப்புகளின் பட்டியல் தயாரான பிறகு, அவை அனைத்தும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் இயல்பாகச் சேர்ந்திருக்கும் ஊர் எது என்று தேடினால், கதை நடக்க வேண்டிய களம் தானாகவே தென்படும்.

சோபக்ளீஸின் 'ஆன்டிகனி'யை எடுத்துக்கொள்வோம். அரசாணையை மீறி அண்ணனின் உடலை அடக்கம் செய்வதுதான் கதையின் மையம். தீப்ஸ் நகரத்தாருக்கு அடக்கம் செய்யப்படாத பிணம் தெய்வங்களுக்கு எதிரான குற்றம். ஆன்டிகனிக்கு அதை விட்டுவிட்டுப் போகும் வழி இல்லை. இதை இன்றைய மேலைநாட்டு நகரம் ஒன்றில் அப்படியே வைத்தால் படம் நகராது, ஏனெனில் அங்கே நகராட்சியே உடலை அடக்கம் செய்துவிடும். கனடா நாட்டு இயக்குநர் சோஃபி டெராஸ்ப் 2019இல் எடுத்த 'ஆன்டிகனி' இந்தச் சிக்கலை நேராகச் சந்திக்கிறது. களம் மான்ட்ரியல், குடும்பம் அல்ஜீரியாவிலிருந்து வந்து குடியேறியது. ஓர் அண்ணன் போலீசின் குண்டுக்குப் பலியாகிறான். சிறைப்பட்ட இன்னோர் அண்ணனை நாடு கடத்தப்போகிறார்கள். தங்கை தலைமுடியை வெட்டிக்கொண்டு, ஆள்மாறாட்டம் செய்து, சிறையில் அவன் இடத்தில் தான் உட்கார்ந்து அவனை வெளியே அனுப்புகிறாள். அடக்கம் கதையின் மையத்திலிருந்து நீங்கிவிட்டது. ஆனால் இரத்த உறவின் கடமையும் அரசின் சட்டமும் மோதும் இடம் அப்படியே நிற்கிறது. குடியுரிமை இல்லாதவரின் வழிகளைக் குடியேற்றச் சட்டம் எத்தனை இறுக்கமாக அடைக்கும் என்பது பார்வையாளருக்குத் தெரியும் என்பதால், ஏன் வேறு வழி தேடவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

விஷால் பரத்வாஜின் 'ஹைதர்' (2014) இதே கணக்கை ஹாம்லெட்டுக்குப் போடுகிறது. தந்தையைக் கொன்றவனைப் பற்றி ஹாம்லெட் யாரிடமும் முறையிட முடியாது, ஏனென்றால் கொன்றவனே இப்போது அரசன். அந்த நிலையை எங்கே காண்பது? பஷாரத் பீருடன் சேர்ந்து எழுதிய அந்தத் திரைக்கதை 1995ஆம் ஆண்டின் காஷ்மீருக்குப் போகிறது. தீவிரவாதி ஒருவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரை ராணுவம் பிடித்துக்கொண்டு போகிறது; வீடு தகர்க்கப்படுகிறது; அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல எந்த அலுவலகமும் இல்லை. கணவன் காணாமல் போன பெண்களை அங்கே பாதி விதவைகள் என்பார்கள். நாடகத்தில் ஹாம்லெட்டின் தாய் கெர்ட்ரூட் ஏன் அவசரமாக மறுமணம் செய்தாள் என்ற பழைய புதிரும் இந்தச் சூழலில் புதிய வலியோடு எழுகிறது. களத்தைத் தேர்ந்ததாலேயே ஒரு கதாபாத்திரம் ஆழம் பெற்றுவிட்டது. அடைப்பைச் சரியாகப் பிடித்தால் கிடைக்கும் உபரி வரவு இதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் மைக்கேல் ஆல்மெரெய்டாவின் 'ஹாம்லெட்' (2000) இருக்கிறது. நியூயார்க்கில் டென்மார்க் கார்ப்பரேஷன் என்றொரு நிறுவனம். சித்தப்பா அதன் தலைவராகிறார். படத்தில் அழகான யோசனைகள் பல உண்டு. 'இருப்பதா, இறப்பதா' தனிமொழி பிளாக்பஸ்டர் வீடியோ கடையின் ஆக்‌ஷன் படங்கள் வரிசைக்கு நடுவே நடக்கிறது. ஆனாலும் நிறுவனத் தலைவர் அரசன் ஆகிவிட மாட்டார். வசதியான வீட்டு இளைஞன் ஒருவன் அந்த நகரத்தை விட்டுப் போய்விட்டால் அவனைத் தடுப்பார் யாருமில்லை. கண்காணிப்புக் கேமராக்களும் ஒட்டுக்கேட்பும் அடைப்பின் உணர்வைத் தருகின்றன. அடைப்பைத் தரவில்லை என்பது என் கருத்து.

நிறுவனத்தையே களமாக வைத்து வென்றவரும் உண்டு. அகிரா குரோசாவா 1960இல் எடுத்த, 'கெட்டவர் நிம்மதியாக உறங்குகிறார்கள்' என்று பொருள்படும் தலைப்புள்ள படம், ஹாம்லெட்டின் சாயல் கொண்டது. சுமார் 20 நிமிடம் நீளும் திருமண வரவேற்பில் படம் தொடங்குகிறது. பொது நிறுவனத்தின் துணைத்தலைவர் மகளுக்கும் அவருடைய செயலாளருக்கும் திருமணம். ஊழல் செய்தியைத் தேடி வந்த பத்திரிகையாளர்கள் மண்டபத்துக்கு வெளியே நின்று, யார் யார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அப்போது யாரும் எதிர்பாராத கேக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அது ஓர் அலுவலகக் கட்டட வடிவத்தில் செய்த கேக். அதில் ஒரே ஒரு ஜன்னலில் ரோஜா ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அதிகாரி ஒருவர் குதித்து இறந்த ஜன்னல் அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைக் கேமரா பார்க்கிறது. கொலைகார அரசன் முன்னால் அதே போன்ற கொலையை ஹாம்லெட் நடத்திக் காட்டும் நாடகத்துக்கு, அரண்மனையும் நடிகர்களும் இல்லாமல், இதைவிடக் கச்சிதமான ஈட்டை நான் பார்த்ததில்லை. இங்கே நிறுவனம் அரசாக வேலை செய்வதற்குக் காரணம், மேலதிகாரியைக் காப்பாற்றக் கீழதிகாரி உயிரைக்கூட விட வேண்டும் என்ற எழுதாத விதியைப் படம் திரும்பத் திரும்பக் காட்டுவதுதான்.

போன் என்னும் தலைவலி

பழைய நாடகங்களில் பாதி, ஒரு கடிதம் சேராததாலோ ஒரு செய்தி தாமதித்ததாலோ அழிவில் முடிகின்றன. ரோமியோவுக்குக் கடிதம் கொண்டுபோகும் துறவி, கொள்ளைநோய் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைத்து வைக்கப்படுகிறார்; ஜூலியட் இறக்கவில்லை, உறங்குகிறாள் என்ற செய்தி ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை. பாஸ் லுர்மனின் 1996ஆம் ஆண்டுப் படத்தில் துறவிக்குப் பதில் கூரியர் நிறுவனம் வருகிறது. ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ரோமியோ பொட்டல்வெளியில் ஒரு டிரெய்லர் வீட்டில் கிடக்கிறான். கூரியர்காரர் வருகிறார், கதவைத் தட்டுகிறார், ஆளைக் காணாமல் அறிவிப்புச் சீட்டை வைத்துவிட்டுப் போகிறார். அதற்குள் நண்பன் காரில் வந்து, தான் பார்த்த சாவுச் செய்தியைச் சொல்லிவிடுகிறான். யாரும் கெட்டவர் இல்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்ததில் இருவர் சாகிறார்கள்.

1996இல் அது நம்பும்படியாக இருந்தது. இன்று எழுதுபவர் சார்ஜ் தீர்ந்துவிட்டது, சிக்னல் இல்லை என்று சமாளித்தால் தியேட்டரே சிரிக்கும். போனை ஒளித்து வைப்பதை விட்டுவிட்டு, அதையே அடைப்பாக மாற்ற முயலுங்கள். காதலுக்கு எதிரான குடும்பம் பெண்ணிடமிருந்து முதலில் பிடுங்குவது போனைத்தான். பிடுங்கியவர் அவள் பெயரில் பதில் அனுப்பலாம். செய்தி போய்ச் சேர்ந்தும், ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவன் அதை நம்பாமல் இருக்கலாம். ஆல்மெரெய்டாவின் படத்தில் ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியாவின் உடலில் ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்திக் காதலனிடம் அனுப்புகிறார்கள். அவன் அதைக் கண்டுபிடிக்கும் கணத்தில் இருவருக்கும் இடையில் எதுவும் மிஞ்சுவதில்லை. தொடர்புக் கருவி தொடர்பைக் கொல்லும் காட்சி ஒன்று உங்கள் கதையில் கிடைத்துவிட்டால் போன் பிரச்சினை தீர்ந்தது.

மனைவிக்குக் கொடுத்த கைக்குட்டை இன்னொருவன் கைக்குப் போனதை நம்பி அவளைக் கொல்கிறான் ஒத்தெல்லோ; அந்தக் கைக்குட்டையும் இந்தக் கணக்கில் சேரும். அந்தரங்கப் படம், குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட் என்று அதை மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசையை ஒதுக்கிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் ஓர் ஆதாரம்; ஆதாரத்தைச் சரிபார்க்கலாம், பொய் என்று நிரூபிக்கலாம். கைக்குட்டை ஆதாரமே இல்லை, அதனால்தான் அது கொல்கிறது. அது பரம்பரைப் பொருள், கணவன் தன் கையால் கொடுத்தது, இன்னொருவன் கையில் இருக்கக் கூடாதது. 'ஓம்காரா' (2006) மேற்கு உத்தரப்பிரதேசத்து அரசியல் அடியாட்களிடையே இந்தக் கதையை வைத்தபோது, கைபேசிகள் புழங்கும் காலமாக இருந்தும் கைக்குட்டையின் இடத்தில் குடும்பச் சொத்தான இடுப்பு நகை ஒன்றையே வைத்தது. நாயகன் பாதிப் பிராமணன் என்று பழிக்கப்படும் கலப்பு மகன் என்பதால், உயர்சாதிப் பெண் தன்னை உண்மையில் விரும்பியிருப்பாளா என்ற ஐயம் அவனுள் முன்பே இருக்கிறது. நாடகத்தின் வெனிஸ் நகரத்தில் ஒத்தெல்லோவின் தோலின் நிறம் செய்த வேலையை இங்கே சாதி செய்கிறது. நகை அந்த ஐயத்தைக் கிளறினால் போதும்.

சூனியக்காரிகளையும் ஆவிகளையும் என்ன செய்வது

மூன்று வழிகள் இருக்கின்றன: வெட்டிவிடலாம், மனப்பிரமை ஆக்கலாம், மனிதர் ஆக்கலாம். மூன்றாவதே கடினமானது, பலனும் அதில்தான் அதிகம்.

பரத்வாஜின் 'மக்பூல்' (2003) மேக்பெத்தை மும்பை நிழலுலகத்துக்குக் கொண்டுவந்தபோது, அவன் அரசனாவான் என்று ஆரூடம் சொல்லும் சூனியக்காரிகளை இரண்டு போலீஸ்காரர்கள் ஆக்கியது. ஓம் புரியும் நசீருத்தீன் ஷாவும் நடித்த அந்த இருவர், ஜாதகக் கட்டம் வரைந்து ஆரூடம் சொல்லும் வேடிக்கை மனிதர்களாக அறிமுகமாகிறார்கள். போகப்போகத்தான், இவர்கள் எதிர்காலத்தைச் சொல்வதோடு நிற்கவில்லை, தாதாக்களில் யாரும் மிகையாக வளர்ந்துவிடாதபடி ஒருவரை வைத்து இன்னொருவரைத் தட்டி வைக்கிறார்கள் என்பது விளங்குகிறது. சக்திகளின் சமநிலை உலகுக்கு அவசியம், நெருப்புக்குத் தண்ணீரின் பயம் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் தத்துவம். ஆரூடம் பலிப்பதற்கு விதியை நம்ப வேண்டியதில்லை. பலிக்கவைக்கும் அதிகாரம் ஆரூடம் சொன்னவரிடமே இருக்கிறது.

நகரும் காட்டையும் அந்தப் படம் அதே கவனத்தோடு மாற்றியது. பர்னம் காடு கோட்டைக்கு வரும்வரை மேக்பெத்துக்கு அழிவில்லை என்பது நாடகம். கடல் மக்பூலின் வீட்டுக்கு வரும்வரை அவனுக்குப் பயமில்லை என்பது படம். கடத்தலை நம்பி வாழும் மும்பைக் கும்பலுக்குக் கடல்தான் பொருத்தமான காடு. கடைசியில் சுங்கத் துறையினர் வீட்டு வாசலுக்கு வரும்போது கடல் வந்துவிட்டது என்று அவன் புரிந்துகொள்கிறான்.

'ஹைதர்', ஹாம்லெட்டிடம் கொலையைச் சொல்லும் தந்தையின் ஆவியை, தந்தையோடு சிறையில் அடைபட்டிருந்து பிறகு உயிர்தப்பி வந்த ஒருவன் ஆக்கியது. இர்ஃபான் கான் நடித்த அந்த ஆள் சொல்வது உண்மையா, அவன் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்ற சந்தேகம் ஆவியைச் சுற்றிய சந்தேகத்தை அப்படியே ஈடுசெய்கிறது. திலீஷ் போத்தன் இயக்க, ஷ்யாம் புஷ்கரன் எழுதிய, மேக்பெத்தைத் தழுவிய மலையாளப் படமான 'ஜோஜி' (2021) முதல் வழியை எடுத்து, சூனியக்காரிகளை முற்றிலும் நீக்கியது. ரப்பர் தோட்டமும் பெரிய வீடும் தந்தையின் கண்டிப்பும் உள்ள கேரளக் கிறிஸ்தவக் குடும்பத்தில் கடைசி மகனுக்கு ஆசையை ஊட்டத் தனியாக யாரும் தேவையில்லை. தந்தை பக்கவாதத்தில் விழுந்து, பிறகு எதிர்பாராமல் தேறத் தொடங்கும்போது, அந்த வீட்டில் நிலவும் மௌனமே ஆரூடம் போலாகிவிடுகிறது.

சின்னப் பாத்திரங்களுக்கும் இதே விதிதான்: அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு பிழைப்பு இருக்க வேண்டும். ஹாம்லெட்டை வேவு பார்க்கும் நண்பர்கள் இருவரும் 'ஹைதரில்' வீடியோ கடை நடத்தும் சல்மான் கான் ரசிகர்கள். இருவர் பெயரும் சல்மான். சிரித்துக்கொண்டே அவர்களைப் பார்ப்பதால் அவர்கள் வேவு வேலை கூடுதலாக அச்சுறுத்துகிறது.

வசனம்

மூலக் கவிதையை அப்படியே வைத்து இன்றைய களத்தில் நடிக்க வைப்பது ஒரு மரபு. லுர்மன் அதைச் செய்தார். துப்பாக்கிகளின் மேல் 'வாள்', 'குத்துவாள்' என்று தயாரிப்புப் பெயர் பொறித்து, வசனத்தில் வரும் ஆயுதத்தையும் கையில் இருக்கும் ஆயுதத்தையும் சமாதானப்படுத்தினார். ரால்ஃப் ஃபைன்ஸ் பெல்கிரேடில் எடுத்த 'கோரியோலேனஸ்' (2011) படத்திலும் பழைய வரிகளே ஒலிக்கின்றன. நாயகனை மக்கள் நாடு கடத்தும் காட்சி ஒரு தொலைக்காட்சி அரங்கில் நடக்கிறது. இந்த வழி ஆங்கிலத்துக்கு மட்டுமே திறந்தது. நமக்கு மூலக் கவிதை இல்லை, மொழிபெயர்ப்புதான் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியபோது ராஜா ராஜாவாகவே இருந்ததால் அன்றைய மேடைத் தமிழ் பொருந்தியது. இன்றைய களத்துக்கு அந்தத் தமிழ் உதவாது.

ஆகவே களத்தின் வட்டார வழக்கில் புதிதாக எழுதுங்கள். தனிமொழிகளைப் பின்னணிக் குரலாக மாற்றாதீர்கள். அது எல்லோரும் கையிலெடுக்கும் சோம்பல் வழி. தனிமொழி வரும் இடத்தில் அந்த ஆள் தனியாக என்ன செய்வான் என்று யோசியுங்கள். 'ஜோஜி'யில் ஃபகத் ஃபாசிலின் பாத்திரம் மனத்தில் இருப்பதை யாரிடமும் கொட்டுவதே இல்லை. தந்தை இறந்து கிடக்க, இறுதிச் சடங்குக்கு வரத் தயங்கி அறைக்குள் இருக்கும் அவனிடம் அண்ணி சொல்வது, மாஸ்க் போட்டுக்கொண்டு வா என்பதுதான். கொரோனா காலத்தில் எல்லா வீட்டிலும் புழங்கிய வாசகம், கணவனைக் கொலைக்குத் தூண்டும் லேடி மேக்பெத்தின் அறிவுரையாகிவிட்டது.

கிரேக்க நாடகத்தில் நடப்பதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் குழுவான கோரஸுக்குத் தொலைக்காட்சிச் செய்தியைப் போடுவது தேய்ந்துபோன உத்தி. டெராஸ்ப் சமூக ஊடகப் பதிவுகளைப் பயன்படுத்தினார். டீக்கடையோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவோ உங்களுக்குக் கிடைக்கலாம். கோரஸ் சேதி சொல்வதற்கு மட்டும் உள்ளதல்ல. பயப்படவும் கட்சி மாறவும் அதற்குத் தெரிய வேண்டும்.

முடிவை எழுதும்போது

கடைசிக் காட்சியில் போலீஸ் வந்து கைது செய்தால் அது குற்றக் கதையாகிவிடும். சட்டம் தண்டிப்பதற்கு முன்பே நாயகன் தன்னால் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லோரும் செத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. 'ஹைதரின்' முடிவில் தாய் வெடிகுண்டு அங்கியோடு சிதறிப்போக, கால்களை இழந்து கெஞ்சும் சித்தப்பாவை மகன் கொல்லாமல் விட்டுப் போகிறான். ஜோஜி பேச முடியாமல் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார் போலீஸ் அதிகாரி. மக்பூல், இறந்துபோன காதலி பெற்ற குழந்தையை எடுத்துப்போக மருத்துவமனைக்கு வருகிறான். தன் எதிரிகளான இளம் தம்பதி அந்தக் குழந்தையை அன்போடு கையில் ஏந்துவதைத் தூரத்திலிருந்து பார்க்கிறான். துப்பாக்கியை விட்டுவிட்டு வெளியே நடக்கிறான். அவனைச் சுடுபவனின் குண்டு அதன் பிறகுதான் வருகிறது. மூலத்தில் இல்லாத காட்சி இது. ஆனால் மேக்பெத் எதை இழந்தான் என்பதை இது துல்லியமாகக் காட்டுகிறது.

கிரேக்கர்கள் சாவை மேடைக்கு வெளியே வைத்து, தூதன் வாயால் சொல்ல வைத்தார்கள். திரைப்படத்தில் இது எடுபடாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. குரோசாவாவின் படத்தில் நாயகன் எப்படிக் கொல்லப்பட்டான் என்பதை நாம் பார்ப்பதில்லை. நண்பன் ஒருவன் பைத்தியம் பிடித்தவனைப் போல நின்று அதைச் சொல்கிறான். குற்றவாளியோ தன் மேலிடத்தோடு தொலைபேசியில் பணிவாகப் பேசிக்கொண்டிருக்கிறார். செலவு குறைந்த படம் எடுப்பவர்கள் இந்த உத்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சீன் ஆர்டர் என்னும் காட்சி வரிசை முடிந்ததும், மூல நாடகத்தைப் படிக்காத இருவரைத் தேடிப்பிடித்து முழுக் கதையையும் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இந்த ஆளின் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்தக் காட்சியில் விலகிப் போயிருப்பீர்கள், எப்படிப் போயிருப்பீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் காட்சிக்குத் திரும்பிப் போய், அந்த வழியை அந்த ஊரில் இயல்பாக இருக்கும் ஏதோ ஒன்றால் அடையுங்கள். அதற்காகப் புதிய வில்லனைக் கொண்டுவராதீர்கள். இருவருமே ஒரே காட்சியைக் காட்டினால் ஒட்டுப்போடும் வேலை போதாது, களத்தையே மாற்ற வேண்டியிருக்கும். வசனம் எழுதத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது செலவு குறைந்த வழி.